நம்ம வீட்டுப் பக்கம்

மருமகளின் கைப்பையில் இருந்த கடிதம் இன்னும் கைப்பையிலேயேதான் இருக்கிறது. போன வாரம் அதை வாங்கிய கையோடு வீட்டுக்குப் போய்க் கணவனிடம் காட்டியிருப்பாள் என்று நினைத்திருந்தீர்களானால், அவளை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. செல்போன் கம்பெனியில் அவளுக்குப் பதவி உயர்வு. கூடவே தலைமை அலுவலகத்துக்கு மாற்றல், ரயிலில் ஒரு ராத்திரி தூரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்குப் புதன்.

அவளிடம் அதைவிடப் பழைய ரகசியம் ஒன்றும் உண்டு. அதற்கு எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய கொழுந்தன், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், செல்போன் டவரில் ஏறி ஆன்டெனா மாட்டுகிற வேலை பார்க்கிறான். கான்ட்ராக்டரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். மாமியாருக்கு இது தெரியாது. "மெஷின் ரூம்ல உக்காந்து பாக்கற வேலை அத்தை. ஏசி எல்லாம் உண்டு" என்று அன்றைக்கு வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். மெஷினுக்கு ஏசி உண்டு என்பது மட்டும் அதில் நிஜம்.

உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. மாமனார் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதன் மேலும் ஏறக் கூடாது. ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். வந்த ஆள் ஏறுகிற ஸ்டூலை மாமியார் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்த ஆள் இறங்கும்வரை மூச்சு விடமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னவனை இன்றைக்கு அந்த டவரில் ஏற்றிவிட்டதே மாமியார்தான். அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாமியாரின் பெண் வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பதினொரு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. தினமும் காலை பதினோரு மணிக்கு மாமியார் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பேத்தியைப் பார்ப்பார். பார்ப்பார் என்று சொல்வது பேச்சுக்குத்தான். பாதி நேரம் திரையில் வட்டம் சுற்றும். மீதி நேரம் குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நிற்கும். மாமியார் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தார். ஒரு தடவை இல்லை, பதினாலு தடவை. ஒவ்வொரு தடவையும் "சரி பண்ணியாச்சு மேடம்" என்று பதில் வந்தது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தப் பேட்டையில் அவர் ஒருத்தர்தானா புகார் கொடுக்கிறார். ராத்திரி எட்டு மணி ஆனால் வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த டவரில் ஒரு மாதம் முழுக்க ஓடின டேட்டா இப்போது மூன்றே நாளில் ஓடித் தீர்ந்துவிடுகிறது. பழைய ஆன்டெனா தாங்குமா? கடைசியில் மேலிடம் மனசு வைத்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதுத் தலைமுறை ஆன்டெனா மாட்ட உத்தரவு வந்தது. வேலை சின்னவனுடைய குழுவுக்கு விழுந்தது.

புதன் காலை டீ குடிக்கும்போதே மருமகள் மாமியாரிடம் சொல்லி வைத்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நம்ம பக்கம் கொஞ்ச நேரம் நெட் இருக்காது அத்தை. புது ஆன்டெனா மாட்டறாங்க. சாயங்காலத்துலேர்ந்து சுத்தவே சுத்தாது."

"காலைல பதினோரு மணிக்கு இருக்குமா? அவ இப்பல்லாம் சோபாவைப் பிடிச்சுட்டு எழுந்து நிக்கறா. இன்னிக்கோ நாளைக்கோ நடந்துடுவா."

"இருக்கும் அத்தை. காலைல கிடங்குப் பக்கம்தான் வேலை. நம்ம பக்கம் ரெண்டு மணிக்கு மேலதான்."

"அந்த உசரத்துல யாரு ஏறி மாட்டறாங்க?"

"கான்ட்ராக்ட் ஆளுங்க."

"பாவம். யார் பெத்த புள்ளைங்களோ" என்றார் மாமியார்.

எதிரில் உட்கார்ந்திருந்த சின்னவனுக்கு டீ புரை ஏறியது. மாமியார் அவன் தலையில் தட்டிக் கொடுத்தார். அவன் உள்ளங்கையில் காய்த்துப் போன இடத்துக்கு வழக்கம்போல மருந்து தடவிவிட்டார். ஜிம்மில் கயிறு இழுத்ததால் வந்தது என்று அவன் சொல்லியிருந்தான். "அந்தக் கயிறை விட்டுத் தொலையேன்டா" என்றார். அவன் மருமகளைப் பார்த்தான், மருமகள் தன் செருப்பைத் தேடினாள்.

*

மருமகள் வேலை பார்க்கும் கட்டுப்பாட்டு அறை ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறது. சுவர் முழுக்கத் திரை. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு டவர். எந்த டவரை நிறுத்துவதும் ஓட்டுவதும் அங்கே உட்கார்ந்தபடியே ஒரு சொடுக்கில் முடிகிற காரியம்.

ஒரு டவருக்கு மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்து ஆன்டெனாவும் ஊரின் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும். அவள் திரையில் இந்த டவரின் ஒன்றாவது பக்கம் கிடங்கு, இரண்டாவது அவள் வீடு, மூன்றாவது ஸ்கூல். ஏறுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் வேலை பகலில்தான். பகலில் முழு டவரையும் நிறுத்தினால் ஊர் கொதித்துவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஆள் எந்தப் பக்கம் போகிறானோ அந்தப் பக்கத்தை மட்டும் கட்டுப்பாட்டு அறை நிறுத்தும். ஓடிக்கொண்டிருக்கிற ஆன்டெனாவின் கேபிளைக் கழற்றினால் கை பொசுங்கிவிடும். நாற்பது மீட்டர் உயரத்தில் கை பொசுங்கி ஒருத்தன் திடுக்கிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அலை அடிக்கிறதா என்று கத்திச் சொல்ல இடுப்பில் மாட்டுகிற ஒரு கருவி உண்டு. கான்ட்ராக்டரிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. இன்றைக்கு அது வேறு டவருக்குப் போயிருந்தது.

பதினோரு மணி தாண்டி அஞ்சு நிமிஷத்துக்குச் சின்னவன் கூப்பிட்டான்.

"அண்ணி, ஒண்ணாவது பக்கம். ஏறப்போறேன்."

"ஒண்ணாவது பக்கம். நிறுத்தறேன்." சொடுக்கினாள். திரையில் அந்தப் பக்கம் சாம்பல் நிறமானது. "நிறுத்திட்டேன் தம்பி. பார்த்து."

"அதெல்லாம் பார்த்துக்கலாம். அம்மா கேட்டா ஏசி நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு வைத்தான். ஏறுகிறவர்கள் போனைச் சத்தமில்லாமல் வைத்து, ஜிப் போட்ட பையில் போட்டுவிட வேண்டும். அது விதி.

பதினொன்றரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் மாமியார்.

"நான்தான். பக்கத்து வீட்டு டெய்லரம்மா போன்லேர்ந்து பேசறேன். என் போன் செத்துப்போச்சு."

"அத்தை, நான் வேலையில இருக்கேன். அப்புறமா..."

"குழந்தை சோபாவை விட்டுட்டா. தனியா நிக்கறா. இதோ கால் எடுத்து வைக்கப்போறா. அப்படியே போயிடுச்சு. ஒரு கோடுகூட இல்ல. பத்து நிமிஷமா வாசல்ல நின்னு ஆட்டிப் பார்க்கறேன். நீ என்ன சொன்னே? ரெண்டு மணிக்கு மேலன்னுதானே சொன்னே?"

"வந்துடும் அத்தை, கொஞ்சம்..."

"பதினோரு மணிக்கு இருக்கும்னு உன் வாயால சொன்னியா இல்லையா?"

மருமகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண் சுவர்த் திரைக்குப் போனது.

வீட்டுப் பக்கம் இரண்டாவது. அவள் நிறுத்தியது ஒன்றாவது. வீட்டில் ஏன் நெட் போகிறது?

அவள் நிறுத்தினது கிடங்குப் பக்கத்தை இல்லை. வீட்டுப் பக்கத்தை. அப்படியானால் சின்னவன் ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கிற கிடங்குப் பக்கம் இந்த நிமிஷம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அத்தை, லைன்லயே இருங்க. வைக்காதீங்க."

மேஜைப் போனில் சின்னவனைக் கூப்பிட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஜிப் போட்ட பைக்குள் அடிக்கிறது யாருக்குக் கேட்கும்? டவருக்குக் கீழே நிற்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். பிஸி. இன்னொரு தடவை. பிஸி. அந்த மனுஷன் யாரோடு அப்படி மணிக்கணக்கில் பேசுகிறானோ.

ஒரே வழிதான் இருந்தது. மூன்று பக்கத்தையும் மொத்தமாக நிறுத்துவது. அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், புது நெட்வொர்க்கைப் பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்குப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போய், வணக்கம் சொல்லி, காதோடு விஷயத்தைச் சொல்லி, அவர் நம்பி, கையெழுத்துப் போட்டு. அதற்குள் ஒரு கேபிளைக் கழற்றிவிடலாம்.

அவள் கை அவளைக் கேட்கவில்லை. மூன்றையும் தேர்ந்தெடுத்தது, சொடுக்கியது. இந்த வேலையில் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் அவள் செய்யாத காரியம்.

சுவரில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பானது. பதினோராயிரம் போன் ஒரே சமயத்தில் செத்தது. மேஸ்திரியின் போனும்தான், சின்னவனின் போனும்தான். இனி அவர்களைக் கூப்பிடவே வழியில்லை. சொடுக்கினது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதா, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஒரே ஒரு போன் மட்டும் உயிரோடு இருந்தது. வேறு கம்பெனி போன். அது மாமியார் கையில் இருந்தது.

மருமகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அத்தை. ஒண்ணு சொல்லணும். உக்காராதீங்க, நடந்துட்டே கேளுங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்கற டவருக்கு உடனே போங்க."

"எதுக்கு?"

"மேல ஒருத்தர் வேலை பார்க்கறாரு. எதையும் தொட வேணாம்னு சொல்லணும். கீழ மேஸ்திரிகிட்ட வாக்கிடாக்கி இருக்கும், அதுல சொல்லச் சொல்லுங்க."

"யாரு மேல?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நம்ம சின்னவன், அத்தை."

அந்தப் பக்கம் டெய்லரம்மா வீட்டுத் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மெஷின் ரூம்னு சொன்னியே" என்றார் மாமியார்.

"பொய் சொல்லிட்டேன் அத்தை. அப்புறமா என்னை என்ன வேணா பண்ணுங்க. இப்ப போங்க."

*

முட்டிவலி என்று கடைத்தெருவுக்குக்கூடப் போகாத மாமியார் அன்றைக்கு எப்படி நடந்தார் என்று டெய்லரம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பின்னால் ஓடினாளாம், எட்டிப் பிடிக்க முடியவில்லையாம். போனில் மருமகளுக்குக் கேட்டதெல்லாம் மூச்சு வாங்கும் சத்தமும், செருப்புச் சத்தமும், இடையில் ஒரு நாய் குரைத்ததும்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? உள்ள யார் உக்காந்திருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார். மேல ஆள் இருக்கு. நம்பர் மாறியிருக்கு சார். ஒண்ணாவதை நிறுத்தினா ரெண்டாவது பக்கத்துல நெட் போகுது."

"யார் சொன்னது?"

"எங்க மாமியார்."

மேனேஜர் எதையோ சொல்ல வந்தார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"வந்துட்டேன்" என்றது மாமியாரின் குரல். "மேல பார்த்தா கண்ணு கூசுது. ஒரு சிவப்புத் தொப்பி தெரியுது."

"அவன்தான் அத்தை. என்ன பண்றான்?"

"முதுகைக் காட்டிட்டு இருக்கான்." குரல் நின்றது. "அசையல."

மருமகள் போன் பக்கம் குனிந்தாள். மேனேஜர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஏம்பா, போனை ஆட்டினது போதும், அந்தப் பெட்டியைக் குடு" என்று மாமியார் யாரையோ அதட்டினார். அது மேஸ்திரியாக இருக்க வேண்டும். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மாமியார் வாக்கிடாக்கியில் பேசினது போன் வழியாகக் கேட்டது.

"சின்னவனே. டேய். நான் சொல்றது கேக்குதா?"

கரகரப்பு. அப்புறம் மிகத் தொலைவிலிருந்து சின்னவனின் குரல். "யாரு பேசறது?"

"உன்னைப் பெத்தவ."

நாற்பது மீட்டருக்குப் பயப்படாதவன் இதற்குப் பயந்துவிட்டான்.

"அம்மா... நீ எப்படி இங்க?"

"அதெல்லாம் அப்புறம். கையில என்ன?"

"ஸ்பானர்."

"கீழ வை. இல்ல, கீழ போட்டுடாதே, பையில வை. எதையும் தொடாதே. அண்ணி சொல்றா. எதையாவது கழட்டிட்டியா?"

"இன்னும் இல்லம்மா. கேபிள் வாயில ரப்பர் டேப் சுத்தியிருக்கு. வெயில்ல காய்ஞ்சு கல்லாயிடுச்சு. அரை மணி நேரமாகும் போலிருக்கு, நகத்தால உரிச்சுட்டு இருக்கேன். எவனோ வேலையத்தவன் நாலு சுத்து சுத்தவேண்டியதை நாப்பது சுத்து சுத்தி வச்சிருக்கான்."

மருமகள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்ததை உட்கார்ந்து அனுபவிக்கக்கூட நேரமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவன் நல்லா இருக்கான்" என்று மாமியார் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. "ஏம்மா, நல்லா இருக்கான்."

*

குழப்பம் எங்கே என்பது அதற்கப்புறம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. சின்னவன் மேலே ஒவ்வொரு கேபிளாகப் பிடித்து ஆட்டினான். மேஸ்திரி கீழே கேபிள் பெட்டியைத் திறந்து, ஆடுவது எது என்று பார்த்தான். கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவர்கள் வரைபடம் பார்த்து வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு வடக்கே இருப்பதுதான் ஒன்று. வடக்கே கிடங்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால் பழைய ஆன்டெனாவை மாட்டின ஆள் வடக்கைத் தேடவில்லை. ஏணி ஏறி முடித்ததும் எதிரில் தெரிந்த பக்கத்தை ஒன்று, அதற்கடுத்த ஸ்கூல் பக்கத்தை இரண்டு என்று வைத்துக் கேபிள் மாட்டிவிட்டுப் போய்விட்டான். ஏணி இருப்பது வீட்டுப் பக்கம்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அப்ப இத்தனை வருஷமா ரெண்டாவது பக்கத்துக்கு வந்த புகாரையெல்லாம்..."

"ஸ்கூல் பக்கத்துல சரி பண்ணியிருக்கோம் சார்" என்றாள் மருமகள். "எங்க மாமியார் பதினாலு தடவை புகார் குடுத்தாங்க. பதினாலு தடவையும் ஸ்கூலுக்கு சிக்னலைக் கூட்டிவிட்டிருக்கோம். ராத்திரி எட்டு மணிக்கு அங்க வாட்ச்மேன் மட்டும்தான் சார் இருப்பாரு."

ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகமில்லை.

"அதானே பார்த்தேன்" என்றது மாமியாரின் குரல். "ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு எதுக்கு இந்தக் கூத்து? கிடங்குப் பக்கம், ஸ்கூல் பக்கம், நம்ம வீட்டுப் பக்கம்னு வாயால சொல்லித் தொலைக்கக் கூடாதா? புள்ளைங்க உசிரு இது."

மேனேஜர் ஒரு நிமிஷம் போனையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

சரியான கேபிள் எதுவென்று தெரிந்ததும் மற்ற இரண்டு பக்கத்தையும் ஓடவிட்டார்கள். மொத்தம் இருபத்திமூன்று நிமிஷம் ஊர் இருட்டில் இருந்தது. "நாளைக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார் மேனேஜர். அவள் தலையசைத்தாள். அவர் கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பினார். "என்கிட்ட வந்திருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷமாவது நான் கேள்வி கேட்டிருப்பேன்" என்றார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கு வேலை முடியும்வரை மாமியார் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. டெய்லரம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நிழலில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை, நிழலிலிருந்து பார்த்தால் சிவப்புத் தொப்பி தெரியாதாம்.

*

சாயங்காலம் மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு அமைதியாக இருந்தது. மருந்துக் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட கணவன், "என்ன நடக்குது இந்த வீட்டுல? எனக்கு ஒருத்தரும் எதுவும் சொல்றதில்ல" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவள் கைப்பையை ஹால் நாற்காலியில் மாட்டிவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

சின்னவன் ஹால் நடுவில் நின்றிருந்தான். மாமியார் அவனுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜிம் கயிறா இது?"

அவன் தலையைக் குனிந்தான்.

"எவ்வளவு உசரம்?"

"நாப்பது மீட்டர்."

"அடியில சொல்லு."

"நூத்தி முப்பது அடி இருக்கும்மா."

"உங்கப்பா விழுந்தது இருபத்திரெண்டு அடி" என்றார் மாமியார்.

சின்னவன் வெளியே போய், எட்டு மாதமாக ராத்திரியெல்லாம் அண்ணியின் ஸ்கூட்டர் பெட்டியில் ஒளிந்து கிடந்த, டவர் ஏறும்போது போடுகிற பெல்ட்டைக் கொண்டுவந்தான். தோளிலும் தொடையிலும் வார் வாராக, முன்னால் இரண்டு பெரிய கொக்கிகளோடு. அங்கேயே மாட்டிக் காட்டினான்.

"ரெண்டு கொக்கி இருக்கும்மா. ஒண்ணைக் கழட்டும்போது இன்னொண்ணு கண்டிப்பா மாட்டியிருக்கும். ஒரு நொடிகூட ரெண்டும் இல்லாம இருக்க மாட்டேன். மேல போறப்ப தூக்கம் வந்தாக்கூட விழ முடியாது."

மாமியார் ஜன்னல் கம்பியைக் காட்டினார். அவன் கொக்கியை மாட்டினான். அவர் பிடித்து இழுத்தார். இரண்டாவது கொக்கியை மாட்டச் சொல்லி அதையும் இழுத்தார். பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார். ஜன்னல்தான் ஆடியது.

"உங்கப்பாவுக்கு ஒரு துண்டுக் கயிறுகூடக் குடுக்கலடா" என்றார். கொக்கியை விடாமல் பிடித்துக்கொண்டே அழுதார். பதினோரு வருஷத்தில் அதைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மருமகள் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அவளைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பேத்தி வீட்டிலிருந்து.

வட்டம் சுற்றவில்லை. கட்டம் கட்டவில்லை. குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த பருக்கைகூடத் தெரிந்தது. "எங்க, பாட்டிக்கு நடந்து காட்டு" என்று அம்மா சொல்ல, அது சோபாவை விட்டது, யோசித்தது, ஒன்று, இரண்டு, மூன்று எட்டு வைத்து, பொத்தென்று உட்கார்ந்து, தானே கை தட்டிக்கொண்டது. வீட்டில் நாலு பேரும் சிரித்தார்கள். திரும்ப நடக்கச் சொன்னார்கள், அது திரும்ப நடந்தது. கணவன் தன் போனிலும் கூப்பிட்டு இன்னொரு கோணத்தில் பார்த்தான். சின்னவன் பெல்ட்டைக் கழற்றவும் மறந்து தரையில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு மணி நேரம் ஓடியும் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"காலைல முதல் எட்டு போனா போகட்டும்" என்றார் மாமியார் தன்பாட்டுக்கு. "அது போனதுனாலதான் இது தங்கிச்சு."

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். "ஏம்மா, இங்க வா" என்றார்.

மருமகள் போனாள். எட்டு மாதப் பொய்க்கு இப்போது கிடைக்கப்போகிறது என்று தயாராகத்தான் போனாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே" என்றார் மாமியார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "எட்டு மாசம் என் காதுல பூ சுத்தியிருக்கே. ஏசியாம் ஏசி."

"தப்புதான் அத்தை."

"தப்புதான். ஆனா மேஸ்திரி எல்லாம் சொன்னான். கேக்காம நிறுத்தினா வேலையே போயிருக்குமாமே உனக்கு. போனா போகட்டும்னு நிறுத்தியிருக்கே." அவர் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் வேணாம்னா நிக்க மாட்டான். அந்த வேலை அவனுக்குப் பிடிச்சிருக்கு, கீழேர்ந்து பார்த்தேன், பிடிச்சவன் மாதிரிதான் உக்காந்திருந்தான். ஏறட்டும். ஆனா எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

"சொல்லுங்க அத்தை."

"அவன் மேல இருக்கற நேரமெல்லாம் அந்த ஸ்விட்ச் உன் கையிலதான் இருக்கணும். வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது. உன் கையில இருக்குன்னா நான் ராத்திரி தூங்குவேன். சத்தியமா சொல்லு."

வெள்ளிக்கிழமை, ரயில், தலைமை அலுவலகம் எல்லாம் ஒரு கணம் மருமகளின் வாய்வரை வந்தது. எதிரில் நின்ற அந்த முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து கறுத்துப்போன முகம். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறியிருக்கிற முகம்.

"சத்தியமா அத்தை" என்றாள்.

ஹாலிலிருந்து கணவனின் குரல் கேட்டது. "குழந்தையைப் பார்த்தே என் போன் செத்துப்போச்சு. உன் கைப்பையில சார்ஜர் இருக்கும்ல? எடுத்துக்கறேன்."

"இருங்க, நானே..." என்று அவள் திரும்புவதற்குள் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு காகிதத்தைப் பிரிக்கிற சத்தம்.